இரட்டை ஓடைக் கோயிலில் ஒரு கருங்கல்

தென்கொரியாவின் ஹாதோங் ஊரில் பேருந்து ஏறி, சொம்ஜின் ஆற்றங்கரையோடு வந்து, ஹ்வாகே சந்தையில் இறங்கினேன். அங்கிருந்து ஜிரிசான் மலைப் பள்ளத்தாக்குக்குள் நடை. பக்கத்திலேயே ஓடை கூட வருகிறது. சரிவில் பாறை இடுக்குகளில் எல்லாம் தேயிலைப் புதர்கள். இரண்டு ஓடைகள் கூடும் இடத்தில் சங்க்யேசா என்ற பௌத்தக் கோயில் இருக்கிறது. பெயருக்குப் பொருளே இரட்டை ஓடைக் கோயில்தான்.

முற்றத்தில் ஒரு கல் ஆமை. அதன் தலை மட்டும் டிராகன் தலை. அந்த ஆமையின் முதுகில், ஆள் உயரத்தையும் தாண்டி ஒரு கரிய பலகைக் கல் நிற்கிறது. மேல் மூலை உடைந்துவிட்டது, உடம்பெல்லாம் விரிசல். இரும்புச் சட்டம் போட்டுத் தாங்கி வைத்திருக்கிறார்கள். கி.பி. 887-இல், ஜின்காம் என்ற துறவியின் நினைவாக நாட்டிய கல் இது. 2,400-க்கும் மேற்பட்ட சீன எழுத்துகள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய கட்டைவிரல் அகலம். வாசகத்தை இயற்றி, தூரிகை பிடித்துத் தன் கையாலேயே எழுதிக் கொடுத்தவர் சே சிவொன்.

பன்னிரண்டு வயதில், அன்றைய கொரிய அரசான சில்லாவிலிருந்து கடல் கடந்து சீனத்துக்குப் படிக்கப் போன பிள்ளை அவர். பத்து ஆண்டுக்குள் சீன அரசுத் தேர்வில் தேறாவிட்டால் நீ என் மகனே இல்லை என்று சொல்லித்தான் அப்பா அனுப்பினார். ஆறே ஆண்டில், 874-இல் தேறிவிட்டார். ஹுவாங் சாவ் என்ற கலகத் தலைவனுக்கு எதிராக இவர் எழுதிய அறிக்கை தாங் பேரரசு முழுக்கப் பேசப்பட்டது. 885-இல் ஊர் திரும்பினார். சில்லாவிலோ பதவியைத் தீர்மானித்தது பிறப்பு. பதினேழு படிகளில், உச்சியிலிருந்து எண்ணினால் ஆறாவது படிக்கு மேல் இவர் குலத்தார் ஏற முடியாது. 894-இல் அரசி ஜின்சோங்கிடம் சீர்திருத்த யோசனைகளைக் கொடுத்தார். அரசி அந்த ஆறாவது படியைக் கொடுத்தார். யோசனைகளைப் பிரபுக்கள் நடக்க விடவில்லை. மனம் வெறுத்து மலைகளில் அலைந்தவர், கடைசியில் கயாசான் மலையில் ஒதுங்கினார்.

கல்லின் தொடக்க வரியை வழிகாட்டி ஒருவர் எனக்குப் படித்துச் சொன்னார். சே சிவொன் தன் பெயருக்கு முன்னால் சீனத்தில் வகித்த பதவிகளை வரிசையாக எழுதியிருக்கிறார். பதவியின் அடையாளமாகப் பேரரசர் தந்த மீன் சின்னப் பையைக்கூட விடவில்லை. எனக்கு நெஞ்சு கனத்துப் போயிற்று. சொந்த ஊரில் ஓர் அளவுக்கு மேல் ஏற வழியில்லாதவரின் வரி அது.

அதே கல்லில், சற்றுத் தள்ளி ஜின்காமின் கதை வருகிறது. யாராவது உயர்ந்த சீனத் தேயிலை கொண்டுவந்தால், அந்தக் காலத்து வழக்கப்படி பொடியாக்க மாட்டாராம் அந்தத் துறவி. கல் சட்டியில் அப்படியே போட்டு, விறகு மூட்டிக் கொதிக்க வைப்பாராம். ருசி என்னவென்று தெரியாது, வயிறு நனைந்தால் போதும் என்பாராம். மீன் சின்னப் பையை எழுதிய கைதான் இதையும் எழுதியது.