பேரேடும் சொந்தத் தொழிலும்

கீரிமலைக் கேணியில், கடலலைக்கு ஒரு சுவர் இப்பால் நன்னீர் ஊறுகின்றது. ஆடி அமாவாசையன்று பிதிர்க்கடன் தீர்க்க வரும் கூட்டத்தை நம்பிக் கடை விரிப்பவர் கணக்கியல் கற்றவரல்லர்; ஆயினும் எவ்வளவு சரக்குக் கொள்வது, மிஞ்சினால் என் செய்வது என மனத்துள் கணித்தே வருகிறார். ஐந்தொகை தயாரிக்கத் தெரிந்த மாணவனோ பிறருடைய பேரேட்டை எழுதும் உத்தியோகத்தையே முதலில் நாடுகிறான்.

'கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும்' என்பது யாழ்ப்பாணத்துப் பழமொழி. ஆறில்லா மண்ணில் மாதச் சம்பளமே பொய்யாத விளைச்சலாக இருந்தது. (தென்னிலங்கைக் கிராமங்களிற் சுருட்டுக்கடை வைத்தவர்களும் இம்மண்ணின் மக்களே என்பதை ஏனோ பலர் மறந்துவிடுகின்றனர்.) அயலிலே 1950 இல் உற்பத்தி தொடங்கிய காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை பலருக்குச் சம்பளம் அளித்தது, 1990 இல் போரினால் அதுவும் நின்றது, ஊரும் இடம்பெயர்ந்தது. 2022 இன் நெருக்கடியிலே சம்பளத்தின் இலக்கம் மாறாதிருக்க, அரிசியின் விலை ஏறியது. உத்தியோகமே காப்பு என்ற எண்ணம் இவ்வாறு தளர்ந்தது.

தளர்ந்த மாத்திரத்தில் ஒருவன் தொழில் தொடங்கிவிடுவதில்லை. ஒரு செயலில் அவனுக்குள்ள விருப்பு, உற்றாரின் மதிப்பு, தன்னால் இயலும் என்ற உணர்வு ஆகிய மூன்றுமே எண்ணத்தை உருவாக்குவன என்று 1991 இல் ஐசக் அய்சன் என்னும் உளவியலறிஞர் விளக்கினார். மூன்றாவதிலேதான் கணக்கியல் மாணவனின் நிலை விசித்திரமானது. எதிர்பார்க்கும் நட்டத்தை உடனே பதி, கைக்கு எட்டாத இலாபத்தைப் பதியாதே என்பது அவன் கற்ற முன்மதிக் கொள்கை. ஏட்டுக்கு அது நன்று, துணிவுக்கு அன்று.

எனினும், அச்சத்துக்கு அளவு கற்பிப்பதும் அக்கல்வியே. பனங்கட்டி வியாபாரத்தில் வாடகை முதலிய நிலையான செலவு மாதம் 30,000 ரூபா என்றும், குட்டான் ஒன்றில் மாறுஞ்செலவு போக 50 ரூபா எஞ்சுமென்றும் கொள்வோம். 600 குட்டான் விற்றால் நட்டமில்லை. 601 ஆவதிலிருந்து இலாபம். கடனுக்கு விற்றாலோ ஏட்டில் இலாபம் இருக்கும், பெட்டியிற் காசு இராது. இதனை முன்கூட்டியே காண்பவனுக்கு ஆபத்து ஒரு தொகையாகிவிடுகிறது. எவ்வளவை இழக்கத் தாங்கும் என்று கேட்க முடிகிறது. பரீட்சை வினாக்களோடு நில்லாமல், அயற்கடை ஒன்றின் ஓராண்டுக் கணக்கை மாணவரே எழுதும்படி கல்லூரிகள் செய்தால் இவ்வுணர்வு விரைவில் வலுப்படும்.

உற்றாரின் மதிப்பை ஈட்டுவது இதனினும் கடிது. கலியாணப் பேச்சில் 'மாப்பிள்ளைக்கு என்ன சம்பளம்?' என்று கேட்பவருக்கு, தொழில் தொடங்கிய முதலாண்டில் அவன் காட்டக்கூடியது ஒரு காசேடு மட்டுமே.