மோவாபில் பசியும் பொழுதும்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், கொலராடோ ஆறு செம்மணற்கற் பாறைகளை அறுத்துக்கொண்டு வந்து சற்றே அகலும் ஒரு பள்ளத்தாக்கில் அமைந்துள்ள மோவாப் என்னும் ஊரில் எங்கே உண்பது என்று கேட்பவர், எப்போது உண்பது என்பதை முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 5,400 பேர் வாழும் இவ்வூரின் உணவகங்களில் பெரும்பாலானவை மெயின் ஸ்ட்ரீட் எனப்படும் ஒரே பெருந்தெருவிலும் அதை ஒட்டிய சில குறுக்குத் தெருக்களிலும் அடங்கிவிடுவதால், கடையைத் தேடி அலையும் தொல்லை இங்கே இல்லை. அடுப்பு எரியும் நேரமும் பயணிக்குப் பசிக்கும் நேரமும் ஒத்துப்போகாமையே தொல்லை.

ஊருக்கு வடக்கே சுமார் 8 கிலோமீட்டர் தொலைவில் ஆர்ச்சஸ் தேசியப் பூங்காவின் வாயில் இருக்கிறது. காற்றும் நீரும் பனியும் மணற்கல்லைக் குடைந்து உண்டாக்கிய இயற்கையான கல்வளைவுகள் இரண்டாயிரத்துக்கு மேல் நிற்கும் இப்பூங்கா 1929இல் தேசிய நினைவிடமாகவும் 1971இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. கொலராடோவும் கிரீன் ஆறும் ஆழமாக வெட்டிய பள்ளங்களைக் கொண்ட கேனியன்லேண்ட்ஸ் பூங்கா 1964இல் உருவானது. அதன் வடபகுதிக்கு ஊரிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டரும், நீடில்ஸ் எனப்படும் தென்கிழக்குப் பகுதிக்கு ஏறத்தாழ 120 கிலோமீட்டரும் செல்ல வேண்டும். இவ்விரு பூங்காக்களுக்குள்ளும் உணவகம் ஒன்றுகூடக் கிடையாது. 2021இல் ஆர்ச்சஸுக்கு மட்டும் 18 லட்சம் பேர் வந்திருக்கிறார்கள் என்பதை எண்ணிப் பார்த்தால், அவ்வளவு பேரின் பசியும் ஒரு சிற்றூரின் ஒரு தெருவின்மீது, அதுவும் பெரும்பாலும் ஒரே மாலை வேளையில், இறங்குகிறது என்பது விளங்கும்.

அந்த மாலை வேளையே சிக்கலின் மையம். ஆர்ச்சஸின் புகழ்பெற்ற டெலிகேட் வளைவு கதிரவன் மறையும் நேரத்தில் செம்பொன்னாக ஒளிரும் என்பதால், போகவர ஏறத்தாழ 5 கிலோமீட்டர் வரும் பாறைப் பாதையில் நிழலே இல்லாமல் ஏறிச் செல்பவர்களில் மிகப் பலர் அந்த நேரத்தையே தேர்ந்தெடுக்கிறார்கள். ஜூன் மாதத்தில் அங்கே பொழுது சாய்வது இரவு எட்டே முக்கால் மணியளவில். கைவிளக்கின் வெளிச்சத்தில் இறங்கி, வண்டியை எடுத்து, பூங்காவின் வளைவுச் சாலையைக் கடந்து ஊருக்குத் திரும்பும்போது மணி பத்தை நெருங்கிவிடுகிறது. அதற்குள் பல சமையலறைகள் அடைக்கப்பட்டிருக்கும். ஆகவே, அவ்வூரை அறிந்தவர்கள் மாலை ஐந்து மணிக்கே இரவுணவை முடித்துவிட்டுப் பிறகு மலையேறுகிறார்கள், அல்லது கட்டுச்சோற்றை மேலே கொண்டுசென்று உண்கிறார்கள். இவ்விரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளாதவர், எத்தனை உணவகங்களின் பெயர்களைக் குறித்துவைத்திருந்தாலும், இறுதியில் பெட்ரோல் நிலையத்துச் சிற்றுண்டியோடுதான் அன்றைய நாளை முடிக்க நேரும்.

கோடைக் காலையும் இதேபோல் நாழிகையை மாற்றிவிடுகிறது. பிற்பகலில் வெப்பம் 38 பாகை செல்சியஸைக் கடப்பது வழக்கமாகிவிட்ட ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில், நடைப்பயணத்தை விடியற்காலையில் தொடங்கிப் பத்து மணிக்குள் முடிப்பதே அறிவுடைமை. விடியலுக்கு முன்பே கடை திறந்திருக்கும் என்று எதிர்பார்ப்பதைவிட, முந்தின மாலையில் ரொட்டியும் பழமும் வாங்கி ஐஸ்பெட்டியில் வைத்துக்கொள்வது நல்லது. தெற்கு மெயின் ஸ்ட்ரீட்டிலுள்ள சிட்டி மார்க்கெட் என்னும் பல்பொருள் அங்காடியும், உறுப்பினர்களே உரிமையாளர்களாக இருந்து நடத்தும் கூட்டுறவுக் கடையான மூன்பிளவரும் இவ்வகையில் எந்த உணவகத்துக்கும் குறையாத முக்கியத்துவம் உடையவை. மூன்பிளவரில் பருப்பு, தானியம், கொட்டை வகைகள் கிடைப்பதால் சைவ உணவுக்காரர்கள் அதை நம்பலாம். ஒரு நாளைக்கு ஒருவருக்கு நான்கு லிட்டர் தண்ணீர் என்பது பூங்காத் துறை பரிந்துரைக்கும் அளவு. பூங்காக்களுக்குள் குடிநீர் கிடைக்கும் இடங்கள் ஒருசிலவே என்பதால் அதை ஊரிலேயே நிரப்பிக்கொள்ள வேண்டும். வெறும் தண்ணீரை மட்டும் மிகுதியாகக் குடித்தால் வியர்வையில் உப்பை இழந்த உடலில் சோடியத்தின் அளவு ஆபத்தான நிலைக்குத் தாழ்ந்துவிடக்கூடும் என்பதால், உப்பிட்ட கடலை, வறுவல் போன்றவற்றை இடையிடையே கொறிப்பதும் தேவையாகிறது. மருத்துவர்கள் வேண்டாம் என்று விலக்கும் தின்பண்டத்துக்கு மருந்தின் தகுதி கிடைக்கும் இடங்களில் பாலைவனமும் ஒன்று.

கட்டுச்சோற்றைப் பிரிக்கும் இடத்திலும் ஒரு கட்டுப்பாடு உண்டு. இப்பகுதியில் மணலின் மேற்பரப்பைக் கரிய பொருக்குப்போல மூடியிருப்பது, நீலப்பச்சை நுண்ணுயிர்களும் லைக்கன்களும் பாசிகளும் பின்னிப் பிணைந்து உருவாக்கிய உயிருள்ள படலமாகும். மண் அரிக்கப்படாமல் காப்பதும் மழைநீரைப் பிடித்துவைப்பதும் அதுவே. ஒருமுறை மிதிபட்டால் மீண்டும் தழைக்கப் பல பத்தாண்டுகள் ஆகும். எனவே டெவில்ஸ் கார்டன், பேலன்ஸ்டு ராக் போன்ற இடங்களில் மேசையிட்டு ஒதுக்கப்பட்டுள்ள உணவுத் திடல்களிலோ வெறும் பாறையின்மீதோ அமர்ந்து உண்பதே முறை.

இனி ஊருக்குள் இருக்கும் அடுப்புகளுக்கு வரலாம். இவற்றில் வயதில் மூத்தவற்றுள் ஒன்று மில்ட்ஸ் ஸ்டாப் அண்ட் ஈட் என்னும் சிறு கடை. கையால் நறுக்கிப் பொரித்த உருளைக்கிழங்கும், மாட்டிறைச்சி பர்கரும், கரண்டி நிற்கும் அளவுக்குக் கெட்டியான மில்க் ஷேக்கும் அங்கே பெயர்பெற்றவை. அது தொடங்கப்பட்ட ஆண்டு 1954. அந்த ஆண்டுக்கு ஒரு பொருள் இருக்கிறது. 1952ஆம் ஆண்டின் கோடையில், சார்லி ஸ்டீன் என்ற நிலவியலாளர், கடனிலும் வறுமையிலும் குடும்பத்தோடு உழன்றுகொண்டே, மற்ற வல்லுநர்கள் பயனில்லை என்று ஒதுக்கிய நிலத்தில் துளையிட்டு, மோவாபுக்குத் தென்கிழக்கே செறிவான யுரேனியத் தாதுவைக் கண்டெடுத்தார். அணுகுண்டுப் போட்டி உச்சத்தில் இருந்த காலம் அது. ஸ்பானிய மொழியில் ‘என் வாழ்வு’ என்று பொருள்படும் மி விடா என்ற பெயரை அச்சுரங்கத்துக்கு அவர் இட்டார். செய்தி பரவியதும் அதிர்ஷ்டம் தேடி வந்தவர்களால் ஊர் நிரம்பி வழிந்தது. 1950இல் 1,300க்கும் குறைவாக இருந்த மக்கள்தொகை 1960இல் 4,700ஐ நெருங்கியது. கூடாரங்களிலும் இழுவை வண்டிகளிலும் தங்கி, சமைப்பதற்கு இடமும் பொழுதும் இல்லாமல் சுரங்கத்துக்கும் தாதுவைப் பதப்படுத்தும் ஆலைக்கும் ஓடிய ஆட்களுக்கு, நின்று வாங்கி நின்றே தின்று கிளம்பத்தக்க உணவே ஏற்றதாக இருந்தது. ‘நில், தின்’ என்ற அக்கடையின் பெயரில் அக்காலத்தின் அவசரம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. செல்வந்தரான ஸ்டீன் ஊரை நோக்கியவாறு குன்றின்மேல் கட்டிக்கொண்ட மாளிகையும் பின்னாளில் சன்செட் கிரில் என்ற உணவகமாயிற்று. ஒரே கனிமத்திலிருந்து, கீழே தொழிலாளிக்கு ஒரு சாப்பாட்டுக் கடையும் மேலே முதலாளி வீட்டில் ஓர் உணவுக் கூடமும் பிறந்தன என்பது, உணவைப் பற்றிய வழிகாட்டி நூல்களில் பெரும்பாலும் இடம்பெறாத செய்தி.

யுரேனியத்தின் விலை வீழ்ந்து, 1984இல் ஆலையும் மூடப்பட்ட பிறகு, ஆளொழிந்த ஊரைக் காப்பாற்றியது மலைப்பாதைச் சைக்கிள். முதலில் மோட்டார் சைக்கிள்களுக்காக 1969இல் குறிக்கப்பட்ட ஸ்லிக்ராக் என்ற வழுவழுப்பான பாறைத் தடம் சைக்கிள்காரர்களின் கண்ணில் பட்டதும், காப்பி, மாவுப் பண்டங்கள், பீட்சா, தாய்லாந்து உணவு என்று தெருவின் முகம் மாறத் தொடங்கியது. 1996இல் திறக்கப்பட்ட மோவாப் ப்ரூவரி என்ற பீர் வடிக்கும் உணவகம் இம்மாற்றத்தின் அடையாளம். இங்கே யூட்டாவின் மதுச்சட்டம் பற்றி ஒரு சொல் தேவைப்படுகிறது. மது, காப்பி, தேநீர் ஆகியவற்றை விலக்கும் மார்மன் திருச்சபையினர் அமைத்த மாநிலம் இது. குழாயிலிருந்து ஊற்றும் பீரிலும் அங்காடியில் விற்கும் பீரிலும் ஆல்கஹால் 5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது 2019 நவம்பரில் வந்த தளர்வுக்குப் பிந்தைய நிலை, அதற்கு முன் வரம்பு இன்னும் குறைவு. உணவக உரிமம் மட்டும் பெற்ற இடங்களில் உணவு கேட்காமல் மது கேட்க முடியாது. வண்டி ஓட்டுவோரின் இரத்தத்தில் இருக்கத்தக்க ஆல்கஹாலின் உச்சவரம்பை 0.05 விழுக்காடாக அமெரிக்காவில் முதன்முதலில் குறைத்ததும் இம்மாநிலமே.

காலையுணவுக்கு மோவாப் டைனர் பலரும் சொல்லும் இடம். டைனர் என்பது, நீண்ட மேடையின் முன் உயர்ந்த இருக்கைகளும் சுவரோரம் மெத்தை பெஞ்சுகளும் கொண்டு, முட்டையும் உருளைக்கிழங்கும் முதன்மையாக வழங்கும் அமெரிக்க வகைக் கடை. அங்கே கேட்டு வாங்க வேண்டியது பச்சை மிளகாய்க் குழம்பு: அண்டை மாநிலமான நியூ மெக்சிகோவின் சமையலிலிருந்து வந்தது அது, பெரிய, மிதமான காரமுள்ள மிளகாயைத் தீயில் கருக வாட்டித் தோலை உரித்துச் சமைக்கப்படுவது. பொதுவாக இவ்வகைக் குழம்பில் பன்றி இறைச்சி சேர்க்கும் வழக்கம் உண்டு என்பதையும், மெக்சிகோ வகை மசித்த பயற்றில் பன்றிக்கொழுப்பு கலந்திருக்கக்கூடும் என்பதையும் சைவ உணவுக்காரர்கள் கேட்டுத் தெளிந்துகொள்வது நல்லது. நடமாடும் உணவு வண்டிகளில் குவெசடியா மொபியா என்ற வண்டி, பாலாடைக்கட்டியை மெல்லிய ரொட்டிக்குள் வைத்துச் சுட்டுத் தரும் பண்டத்துக்குப் பெயர்பெற்றது. நேரமில்லாதவர்களுக்கு அதுவே போதும்.

இப்பகுதியின் உணவுகளில் ஆழமான வரலாறு உடையது, பெரும்பாலும் ஊருக்கு வெளியே கிடைப்பது, நவஹோ மக்களின் பொரித்த ரொட்டி. தோற்றத்தில் தமிழ்நாட்டுக் கடைகளின் சோளாப்பூரியை நினைவூட்டினாலும், அதைவிடத் தடிமனாகவும் மென்மையாகவும் இருக்கும் இந்த ரொட்டி பழங்குடியினரின் தொன்மையான உணவு அன்று. அவர்களின் பழைய உணவு மக்காச்சோளம், அவரை, பூசணி ஆகியவற்றைச் சார்ந்தது. 1864இல் அமெரிக்கப் படை அவர்களைச் சொந்த நிலத்திலிருந்து பெயர்த்து, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நடத்தி, கிழக்கு நியூ மெக்சிகோவின் பாஸ்கே ரெடோண்டோவில் அடைத்துவைத்தது. நெடுநடை என்று அவர்கள் துயரத்தோடு நினைவுகூரும் நிகழ்ச்சி அது. வழியிலும் முகாமிலும் பலர் மாண்டனர். விதைத்தவை விளையாத அந்த மண்ணில், அரசு பங்கிட்டுக் கொடுத்த கோதுமை மாவும் பன்றிக்கொழுப்பும் உப்புமே உயிர்காக்கும் பொருள்களாயின. அவற்றிலிருந்து இந்த ரொட்டி பிறந்தது என்று அம்மக்கள் சொல்கிறார்கள். 1868இல் ஒப்பந்தம் செய்துகொண்டு சொந்த நிலத்துக்குத் திரும்பியபோது ரொட்டியும் உடன் வந்தது. அவரை, கொத்திறைச்சி, இலைக்கோசு, தக்காளி, பாலாடைக்கட்டி ஆகியவற்றை அதன்மேல் பரப்பித் தந்தால் நவஹோ டாக்கோ எனப்படும். இதைத் தங்கள் தாங்குதிறனின் சின்னமாகக் கொண்டாடுவோரும், சிறைவாசத்தையும் அதைத் தொடர்ந்து வந்த நீரிழிவையும் நினைவூட்டுவது என்று ஒதுக்குவோரும் அச்சமூகத்திலேயே இருக்கிறார்கள். விருந்தினர் இதில் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. மோவாபுக்குத் தெற்கே ஏறத்தாழ 160 கிலோமீட்டரில், சான் ஹுவான் ஆற்றங்கரையிலுள்ள பிளஃப் என்ற சிற்றூரின் ட்வின் ராக்ஸ் உணவகம் இதற்குப் பெயர்பெற்றது. ஆற்றைக் கடந்தால் நவஹோ நாடு.

மோவாபிலிருந்து கொலராடோ ஆற்றில் படகுப் பயணம் செல்வோருக்கு வாய்க்கும் இன்னொரு சமையல், டச்சு அவன் எனப்படும் மூன்று கால் இரும்புச் சட்டியில் நடப்பது. விளிம்பு உயர்ந்த அதன் மூடியின்மேலும் அடியிலும் தணலைப் பரப்பி, உருளைக்கிழங்கையும் இறைச்சியையும் பழக்களியையும் வேகவைக்கலாம். 1997இல் யூட்டா இதைத் தன் மாநிலச் சமையல் பாத்திரமாக அறிவித்தது.

விலையைப் பற்றி வியப்படைவோர் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. சுற்றியுள்ள நிலத்தின் மிகப் பெரும்பகுதி அரசுக்குச் சொந்தமானது என்பதால் வீடு கட்ட இடம் குறைவு. இருக்கும் வீடுகள் பயணிகளுக்கு வாடகைக்குப் போகின்றன. சமையல்காரரும் பரிமாறுபவரும் தங்க இடமின்றி வண்டிகளிலேயே வாழும் நிலை ஏற்படுகிறது. ஆள் போதாமையால் வாரத்தில் ஓரிரு நாள் கடையை அடைப்பவர்கள் உண்டு. அன்றைய நிலவரத்தைக் கேட்டுக்கொண்டு செல்வதே வழி. டிப்ஸ் பெறும் பணியாளருக்குச் சட்டப்படி மணிக்கு 2.13 டாலர் மட்டுமே முதலாளி கொடுத்தால் போதும் என்ற விதி இங்கே நடப்பில் இருப்பதால், உணவுத் தொகையில் 15 முதல் 20 விழுக்காடு வரை கூடுதலாக வைப்பதை அன்பளிப்பு என்று கருத இயலாது. அது அவர்களின் கூலி. நவம்பர் இறுதியிலிருந்து பிப்ரவரி வரை பல கடைகள் முழுவதுமாக மூடப்பட்டிருக்கும். ஏப்ரல், மே, செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் திறந்திருக்கும் ஒவ்வொன்றின் முன்னும் வரிசை நிற்கும்.

செப்டம்பரில் செல்பவர்களுக்கு ஒன்று கூடுதலாகக் கிடைக்கும். மோவாபிலிருந்து வடமேற்கே ஏறத்தாழ 85 கிலோமீட்டரில் உள்ள கிரீன் ரிவர் என்னும் ஊர், பகல் வெயிலும் இரவுக் குளிரும் மணற்பாங்கான மண்ணும் கூடி இனிப்பேற்றும் முலாம்பழத்துக்கும் தர்ப்பூசணிக்கும் பெயர்போனது. 1906 முதல் அங்கே அறுவடை விழா நடந்துவருகிறது. சாலையோரத்தில் பழங்கள் குவிந்திருக்கும் அப்பருவத்தில், ஐஸ்பெட்டியில் இடம் விட்டுவைத்திருப்பவர்கள் மறுநாள் பகலுணவைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.