பேசாப் பிள்ளையின் பேச்சு

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

 

ஆண்டுதோறும் இம்மேடையில் புலவர் பெருமக்கள் பேசக் கேட்டு மகிழ்ந்திருக்கின்றோம். சிலம்பும் கம்பனும் முழங்கிய இவ்விடத்தில், பள்ளி இறுதி வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, கார்டன் ரீச்சில் தென்கிழக்கு ரயில்வே அலுவலகத்தில் கோப்புகளோடு காலம் கழிக்கும் ஒரு குமாஸ்தாவைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார் நம் செயலாளர். நிற்பவர் ஒருவர்; பேசுவோர் இருவர். அதோ தாய்மார் வரிசையில் அமர்ந்திருக்கும் எங்கள் இல்லத்தரசி, இவ்வுரையில் பாதியை நேற்றிரவு சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டோம். ஆகவே 'நாங்கள்' என்றே பேச அவையோர் இசைவு தர வேண்டும்.

எங்கள் இளைய மகனுக்கு இப்பொழுது ஒன்பது வயது. காலனியில் உங்களில் பலர் அவனை அறிவீர்கள். மாடிப்படியில் ஏறும்போதும் இறங்கும்போதும் "ஒனுக்ரொஹொ கொரே ஷுன்பேன்" என்று ஹௌரா நிலையத்து ஒலிபெருக்கி போலவே சொல்லிக்கொண்டு போகின்ற பையன் அவன்தான். இரண்டரை வயது வரையில் அவன் ஒரு சொல்லும் பேசவில்லை. பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பார்ப்பதில்லை. காது கேட்கவில்லையோ என்று சோதித்தோம். காதில் ஒரு குறையும் இல்லை. ஆண் பிள்ளை தாமதமாகத்தான் பேசுவான் என்றார்கள் உறவினர்கள். ஊரிலிருந்து வசம்பு வந்தது, உரைத்து நாவில் தடவினோம். கோயிலுக்கு மணி வாங்கிக் கட்டினோம். ரயில்வேக்காரன் பிள்ளை, சரக்கு வண்டி மாதிரி மெல்லத்தான் புறப்படும் என்று அலுவலக நண்பர் ஒருவர் தேற்றினார். சிரித்துக்கொண்டே வீடு திரும்பினோம். அன்றிரவு உறக்கம் வரவில்லை.

மூன்றாம் வயதில் மருத்துவர் அதற்கு ஆட்டிசம் என்று பெயர் சொன்னார். தமிழில் மதியிறுக்கம் என்றும், புறவுலகச் சிந்தனையின்மை என்றும் எழுதுகின்றார்கள். இவ்விரண்டாவது பெயர் எங்களுக்கு உடன்பாடன்று. பக்கத்து வீட்டில் குக்கர் எத்தனை முறை கூவியது என்று எண்ணி வைத்திருக்கும் பிள்ளைக்குப் புறவுலகச் சிந்தனை இல்லை என்று எப்படிச் சொல்வது? ஆகையால் ஆட்டிசம் என்றே சொல்லிச் செல்வோம்.

அதன்பின் நேர்ந்த ஒன்றைத்தான் இன்று சொல்ல வந்தோம். நாங்கள் முதலில் சென்ற ஓரிடத்தில், "வீட்டில் தமிழ், தெருவில் வங்காளி, பள்ளியில் ஆங்கிலம் என்று மூன்று மொழியும் குழந்தையைக் குழப்புகின்றன, தமிழை விட்டுவிடுங்கள், ஆங்கிலம் ஒன்றே பேசுங்கள்" என்று அறிவுரை கூறினார்கள். படித்தவர்கள் சொல்கிறார்கள் என்று தலையசைத்தோம். பதினொரு மாதம் எங்கள் வீட்டில் அவன் எதிரே தமிழ் பேசவில்லை. எங்கள் ஆங்கிலம் கோப்பில் எழுதுகின்ற ஆங்கிலம். 'மேற்கோள் கடிதத்தைப் பார்க்கவும்' என்று எழுதத் தெரியுமே அன்றி, குழந்தையைக் கொஞ்சத் தெரியாது. "கம்", "சிட்", "ஈட்" என்னும் மூன்று சொற்களில் வீடு நடந்தது. அச்சமயம் மாயூரத்திலிருந்து எங்கள் தாயார் வந்து சேர்ந்தார். தமிழன்றி வேறொன்றும் அறியாதவர். பேரனை மடியில் வைத்துக்கொண்டு வாய் திறவாமல் அமர்ந்திருப்பார். நாங்கள் அலுவலகம் புறப்பட்ட பிறகு அவன் காதோடு ஏதோ முணுமுணுப்பார் என்று இல்லத்தரசி பிற்பாடு சொன்னார். தம் வீட்டிலேயே ஒரு பாட்டி பேரனோடு திருட்டுத்தனமாகத் தமிழ் பேசும்படி வைத்தோம். எண்ணுந்தோறும் நெஞ்சு சுடுகின்றது.

அந்த அறிவுரை தவறானது. கனடா நாட்டின் மான்ட்ரியால் போன்ற இருமொழி நகரங்களில் ஆட்டிசக் குழந்தைகளை வைத்து ஆய்ந்திருக்கின்றார்கள். இரண்டு மொழி கேட்டு வளரும் பிள்ளைகள், ஒரு மொழி மட்டும் கேட்டு வளரும் பிள்ளைகளைவிடப் பேச்சில் பின்தங்கியதாக அவை காட்டவில்லை. இதை எங்களுக்கு முதலில் சொன்னவர் ஒரு வங்காளப் பெண்மணி. பேச்சு மொழிப் பயிற்சி அளிப்பவர். தெரபிஸ்ட் என்கிறோமே, அவர். காலனியில் எல்லோரையும் போல நாங்களும் தீதி என்றே அழைக்கின்றோம்.

முதல் நாள் தீதி தரையில் அமர்ந்தார். பையன் டிபன் டப்பாவின் மூடியைச் சுழற்றிக்கொண்டிருந்தான். அரை மணி நேரம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கட்டணம் வாங்கிக்கொண்டு வேடிக்கை பார்க்கிறாரே என்று எங்களுக்குச் சினம்கூட மூண்டது. பிறகு அவரும் ஒரு மூடியை எடுத்துச் சுழற்றினார். அவன் நிறுத்தினால் நிறுத்தினார்; சுழற்றினால் சுழற்றினார். சற்று நேரத்தில் அவன் தலைநிமிர்ந்து அவர் மூடியைப் பார்த்தான். பிறகு அவர் முகத்தைப் பார்த்தான். "இன்றைக்கு இது போதும்" என்றார் தீதி.

அதன் பொருளைப் பின்னர் விளக்கினார். குழந்தைகள் ஏறத்தாழ ஒரு வயதில் விரல் நீட்டிக் காட்டத் தொடங்குகின்றன. நிலவைக் காட்டுகின்றன, காக்கையைக் காட்டுகின்றன. காட்டிவிட்டு, அம்மா பார்க்கிறாளா என்று அம்மாவின் முகத்தைப் பார்க்கின்றன. நான் காண்பதை நீயும் காண் என்னும் அந்த அழைப்பு, சொல் பிறக்கும் முன்பே பிறந்துவிடுகின்றது. எங்கள் மகன் ஒருநாளும் விரல் நீட்டியவன் அல்லன். தண்ணீர் வேண்டுமானால் எங்கள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துச் சென்று குடத்தின்மேல் வைப்பான். அதையும் ஒரு பேச்சாக நாங்கள் கருதியதில்லை. "அவன் உங்களிடம் வந்து கேட்கிறானே, அது பேச்சுத்தான், அதற்கு மறுமொழி சொல்லுங்கள்" என்றார். மணிக்கட்டைப் பிடித்தவுடன் "தண்ணி" என்று ஒரே சொல் சொல்லிவிட்டுப் பத்து எண்ணும் வரையில் பேசாமல் காத்திருக்க வேண்டும். நம்மவர்க்கு இது எத்துணைக் கடினம் தெரியுமா? மூன்று எண்ணுமுன் நாமே நூறு சொல் பேசிவிடுகின்றோம்.

இன்னும் பல உபாயங்கள் உண்டு. அவனுக்குப் பிடித்த முறுக்கை இறுக மூடிய கண்ணாடிச் சாடியில் வைத்து அவன் கண்ணில் படும்படி விடுவது. திறந்து தரும்படி அவனே சாடியைக் கொண்டுவந்து நீட்டுவான். பந்தை உருட்டிவிட்டு, திரும்ப உருட்டும் வரையில் கை நீட்டிக் காத்திருப்பது. உன் முறை, என் முறை என்பதை அது கற்பிக்கின்றது. சொல்லே வராத பிள்ளைகளுக்குப் படங்களைக் கொடுத்து வாங்கும் முறை ஒன்று, அமெரிக்காவின் டெலவேரில் 1985 ஆம் ஆண்டில் ஆண்டி பாண்டி, லோரி ஃப்ராஸ்ட் என்னும் இருவரால் உருவாயிற்று. முறுக்கின் படத்தை எடுத்து ஒருவர் கையில் தந்தால் முறுக்கு கிடைக்கும். படத்தைச் சுவரில் தட்டினால் போதாது. ஒரு மனிதரின் கையில் தர வேண்டும். அந்த 'ஒரு மனிதர்' என்பதில்தான் சூட்சுமம் இருக்கின்றது.

முதல் மாதத்திலேயே தீதி எங்களைக் கேட்டார்: "நீங்கள் எந்த மொழியில் சிரிக்கிறீர்கள்? எந்த மொழியில் கோபிக்கிறீர்கள்?" தமிழில் என்றோம். "அப்படியாயின் அந்த மொழியைத்தான் அவனுக்குத் தர வேண்டும்" என்று சொல்லி, தாமும் வா, தா, போதும், இன்னும் என்று நான்கு தமிழ்ச் சொற்களை ஒரு குறிப்பேட்டில் வங்க எழுத்தில் எழுதிக்கொண்டார். அன்று மாலை எங்கள் தாயார் பேரனுக்குச் சோறு ஊட்டிக்கொண்டே காக்கைக் கதை சொன்ன குரல் தெருமுனை வரையில் கேட்டது.

அவன் சொன்ன முதல் சொல் 'இன்னும்'. அப்பா, அம்மா என்பன ஓராண்டு கழித்தே வந்தன. அதில் எங்களுக்கு வருத்தம் இல்லை என்றால் அது பொய்.

இக்குறையை 1943 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் லியோ கான்னர் என்னும் மருத்துவர் பதினொரு குழந்தைகளைக் கண்டு எழுதினார். அதற்குப் பின் இருபது, முப்பது ஆண்டுகள் மருத்துவ உலகில் ஒரு கொடுமை நிகழ்ந்தது. தாயின் அன்பு குளிர்ந்துபோனதால்தான் குழந்தை இப்படி ஆனது என்று பெரிய பெரிய அறிஞர்களே எழுதினார்கள். பெர்னார்ட் ரிம்லண்ட் என்னும் உளநூலார், தாமே அத்தகைய மகனைப் பெற்றவர், 1964 ஆம் ஆண்டில் ஒரு நூல் எழுதி அக்கூற்றை மறுத்தார். இது மூளையின் வளர்ச்சியில் பிறப்பிலேயே அமைவது. வளர்ப்பினால் வருவது அன்று. அறிஞர்கள் கைவிட்ட அந்தப் பழியை நம் காலனிக் குழாயடி இன்னும் கைவிடவில்லை. சென்ற ஆண்டு இதே விழாவில் ஒலிபெருக்கி அலறியபோது காதைப் பொத்திக்கொண்டு எங்கள் மகன் தரையில் படுத்துவிட்டான். "வளர்ப்புச் சரியில்லை" என்று ஒரு குரல் பின்னாலிருந்து எழுந்தது. பாயசத்துக்கு முன்பே வீடு திரும்பினோம்.

ஒலிபெருக்கி என்றதும் நினைவு வருகின்றது. அவன் ஓயாமல் சொல்லும் அந்த ஹௌரா அறிவிப்பை நிறுத்த என்னென்னவோ செய்து பார்த்தோம். கேட்டதைக் கிளிபோல் திரும்பச் சொல்லுதல் ஆட்டிசக் குழந்தைகளிடம் மிகுதி. பொருளற்ற பழக்கம் என்று முற்காலத்தில் அதை அடக்கினார்கள். 1980களின் தொடக்கத்தில் பாரி பிரிசான்ட் என்னும் அமெரிக்கப் பேச்சுநூலார், அத்தகைய பேச்சைப் பொறுமையுடன் பதிவு செய்து ஆராய்ந்து, அதில் வேண்டுகோளும் மறுமொழியும் முறைமாற்றமும் இருப்பதை எடுத்துக்காட்டினார். தீதி எங்களை ஒரு வாரம் குறிப்பெழுதச் சொன்னார். எப்போது சொல்கிறான், அதற்கு முன் என்ன நடந்தது, பின் என்ன நடந்தது? குறிப்பெழுதுவது எங்கள் தொழில் ஆயிற்றே. கட்டம் போட்டு எழுதினோம். வெளியே போக விரும்பும்போது சொல்கிறான். அச்சம் வந்தால் சொல்கிறான். யாரேனும் அவனை மறந்து தம்முள் பேசிக்கொண்டிருந்தாலும் சொல்கிறான். வங்காளத்தில் இருபதாண்டு வாழ்ந்தும் அச்சொற்களின் பொருளை அன்றுதான் நாங்கள் மனத்தில் வாங்கினோம். 'தயவு செய்து கேளுங்கள்' என்பதல்லவா அது?

தெரபிஸ்ட் எல்லார்க்கும் கிடைப்பாரா, அதற்குப் பணம் ஏது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. எங்கள் சம்பளத்திலும் பெரும்பங்கு அதற்கே போயிற்று. 2016 ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வைச் சொல்கின்றோம். நம் கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் இரண்டு முதல் ஒன்பது வயது வரையுள்ள 65 குழந்தைகளை வைத்து நடந்தது. பெற்றோருக்குக் கற்பித்தவர்கள் பெரும் நிபுணர்கள் அல்லர். பயிற்சி பெற்ற சாதாரண ஊழியர்கள். தாயும் பிள்ளையும் விளையாடுவதைப் படம் பிடித்து, அப்படத்தைத் தாயுடன் அமர்ந்து பார்த்து, 'இதோ, இங்கே பிள்ளை உங்களைப் பார்த்தான், நீங்கள் கவனிக்கவில்லை' என்று காட்டுவதே அம்முறை. அதனால் பெற்றோர் பிள்ளையின் போக்கறிந்து மறுமொழி தருவது பெருகியது. பிள்ளைகள் தாமாகவே பெற்றோரிடம் தொடர்பு கொள்ள முனைவதும் பெருகியது. எல்லாமே கூடிவிடவில்லை, இருவரும் ஒரே பொருளில் சேர்ந்து கவனம் செலுத்திய நேரம் குறைந்தது என்பதையும் மறைக்காமல் எழுதியிருக்கின்றார்கள். அந்த நேர்மை எங்களுக்குப் பிடித்திருந்தது. ஏனெனில், மூன்று மாதத்தில் பேச வைக்கிறோம் என்று சுவரொட்டி ஒட்டுவோர் இந்நகரில் உண்டு. அங்கே போகுமுன் ஒன்று கேளுங்கள்: இந்திய மறுவாழ்வு மன்றத்தின் பதிவு எண் உண்டா? 1992 ஆம் ஆண்டுச் சட்டம் அமைத்த மன்றம் அது. கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

கல்கத்தா இவ்வகையில் வறிய நகரம் அன்று. நம் கார்டன் ரீச்சுக்கு அருகில் தாரதலாவில், 1974 ஆம் ஆண்டில் சுதா கௌல் அம்மையார் முதலியோர் தொடங்கிய நிறுவனம் இன்று இந்தியப் பெருமூளைவாத நிறுவனமாக விளங்குகின்றது. வாய் ஒத்துழையாத பிள்ளைகள் பலகையிலுள்ள படத்தையும் எழுத்தையும் காட்டிப் பேசும் முறையை நம் நாட்டில் முன்னின்று வளர்த்தவர்கள் அவர்கள். பி.டி. சாலையில் போன்ஹுக்லியில் அலி யாவர் ஜங் பேச்சு செவித்திறன் தேசிய நிலையத்தின் கிழக்கு மண்டலக் கிளை இருக்கின்றது; மைய அரசினுடையது. பெற்றோரே கூடி அமைத்த ஆட்டிசம் சொசைட்டி வெஸ்ட் பெங்கால் என்பதும் உண்டு. 2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளில் ஆட்டிசத்தையும், பேச்சு மொழிக் குறைபாட்டையும் சேர்த்திருக்கின்றது. சான்றிதழ் வாங்க வெட்கப்பட்டு ஈராண்டு தள்ளிப்போட்டோம். நீங்கள் அவ்வாறு செய்ய வேண்டா.

ஒரு செய்தி மட்டும் மீதம் உள்ளது. டேமியன் மில்டன் என்னும் ஆங்கிலேயர், தாமே ஆட்டிசம் உடையவர், 2012 ஆம் ஆண்டில் ஒரு கருத்தை எழுதினார். அவர்களுக்கு நம்மைப் புரியவில்லை என்கிறோமே, நமக்கு அவர்களைப் புரிகிறதா? புரியாமை இரு பக்கமும் இருக்கின்றது என்றார். பயிற்சி அறையில் தீதியிடம் எங்கள் மகன் முறை மாற்றி விளையாடுகிறான், வணக்கம் சொல்கிறான், காத்திருக்கிறான். காலனி மைதானத்தில் வந்தால் ஒன்றும் நடப்பதில்லை. ஏனெனில் அங்கே அவனுக்காகப் பத்து எண்ணுவார் இல்லை. முன் வரிசையில் அமர்ந்திருக்கும் சிறுவர்களே, அவன் பந்தை உடனே திருப்பித் தராவிட்டால் பிடுங்காதீர்கள். கை நீட்டிக் கொஞ்சம் நில்லுங்கள். கண்ணைப் பார்த்துப் பேசு என்று அவனை வற்புறுத்தவும் வேண்டா. அது அவனுக்கு வெயிலைப் பார்ப்பது போல் கூசுகின்றது.

இவ்வாண்டு செயலாளர் ஒலிபெருக்கியின் ஓசையைக் குறைத்து வைத்திருக்கின்றார். கதவருகே பாட்டிக்கும் பேரனுக்கும் இரண்டு நாற்காலியும் போட்டுத் தந்திருக்கின்றார். எங்கள் நன்றி. சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் அவனைச் சேர்த்துக்கொள்ளும்படி சென்ற மாதம் விண்ணப்பம் ஒன்றும் எழுதிக் கொடுத்தோம். ஆசிரியை அம்மையார் யோசித்துச் சொல்வதாகக் கூறியிருக்கின்றார்கள். முதல் நான்கு வாரம் எங்கள் இல்லத்தரசி பின் பெஞ்சில் உடன் அமர்வார். அறிவிப்பைச் சொன்னால் ஒருமுறை கேட்டுவிட்டுப் பாடத்தைத் தொடரலாம், அவன் நிறுத்திக்கொள்வான். கோப்பு எவ்வளவு நாள் மேசையில் தூங்கும் என்பதை அறிந்த குமாஸ்தா ஆகையால், அந்த விண்ணப்பத்தை இந்த அவையில் நினைவூட்டிக்கொள்கின்றோம். தலைவர் மணியைக் கையில் எடுத்துவிட்டார்.