கருப்பைக் கழுத்துப் புற்றுநோயும் வீட்டுப் பரிசோதனையும்

புற்றுநோய்களுட் பல, வந்தபின் அறியப்படுவன. கருப்பைக் கழுத்தில் உண்டாகும் புற்றுநோயோ வருமுன்னரே அறியத்தக்கது. அதற்குக் காரணமான தொற்று ஏற்பட்ட நாளிலிருந்து புற்று வெளிப்படும் நாள் வரையிற் சாதாரணமாகப் பதினைந்து, இருபது ஆண்டுகள் செல்கின்றன. அந்நீண்ட இடைக்காலத்திற் பரிசோதித்து, மாறுபட்ட கலங்களை அகற்றிவிட்டால் நோய் பெரும்பாலும் தலைகாட்டாது. இவ்வளவு அவகாசம் கொடுக்கும் கொடிய நோயைக் காண்பது அரிது. அங்ஙனமிருந்தும், 2022ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 660,000 பெண்கள் இந்நோய்க்கு ஆளாயினர். ஏறத்தாழ 350,000 பேர் மாண்டனர். மாண்டவர்களுட் பெரும்பாலோர் வறிய நாடுகளையும் நடுத்தர வருவாயுள்ள நாடுகளையும் சேர்ந்தவர்கள்.

இத்தனை அவகாசமிருந்தும் பெண்கள் ஏன் மாள்கின்றனர்? வைத்தியசாலை தொலைவிலிருப்பது ஒரு காரணம். ஒரு நாட் கூலியை இழக்க இயலாமை மற்றொரு காரணம். ஆயினும் இவற்றோடு ஒப்பவோ, இவற்றினும் மேலாகவோ நிற்பது நாணம். வழமையான பரிசோதனையின்போது பெண் உடை தளர்த்தி மேசைமீது மல்லாந்து கிடக்கவேண்டும். வைத்தியரோ தாதியோ ஒரு கருவியினாற் பிறப்புவழியை விரித்து, கருப்பையின் வாயைக் கண்ணாற் பார்த்து, அங்கிருந்து சில கலங்களைச் சுரண்டி எடுப்பர். நோவு சிறிது, கூச்சமோ பெரிது. உடம்பில் ஒரு குறையும் தோன்றாத பெண், ஐந்து பிள்ளைகளைப் பெற்றவளாயினும், இதற்கென்று வீட்டைவிட்டுப் புறப்படுவாளா? சுகமாயிருக்கிற தனக்கு இது எதற்கு என்றுதான் கேட்பாள். இதனைப் பேதைமை என்று இகழ்வது எளிது. அவ்வாறு இகழ்வதனால் எந்தப் பெண்ணும் கிளினிக்குக்கு வந்துவிடப் போவதில்லை.

அந்த வழமையான பரிசோதனையை உலகுக்குத் தந்தவர் ஜோர்ஜ் பாப்பனிக்கொலாவு என்னும் கிரேக்கர். 1883இற் கிரேக்க நாட்டின் கீமி என்னும் ஊரிற் பிறந்து, 1913இல் ஐக்கிய அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த இவர், நியூயோர்க் நகரிலே கினிப் பன்றிகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். அவற்றின் கலங்களை நுணுக்குக்காட்டியிற் பார்த்துப் பழகிய கண், பின்னர் பெண்களின் கலங்களிற் புற்றுநோயின் சாயலை இனங்கண்டது. 1928இல் இதனை அவர் எடுத்துரைத்தபோது கேட்டோர் அதிகம் பொருட்படுத்தவில்லை. 1940களிலேயே அதற்கு மதிப்பு ஏற்பட்டது. அவருடைய மனைவி மேரி ஆண்டுக்கணக்காகத் தம்முடலிலிருந்தே மாதிரிகளைக் கொடுத்துவந்தார் என்பது பலர் அறியாத செய்தி. கணவர் பெயரின் முதலெழுத்துக்களால் 'பாப்' சோதனை என்று வழங்கும் இம்முறை, ஒழுங்காக நடத்தப்பட்ட நாடுகளில் இந்நோயைப் பெரிதும் குறைத்திருக்கிறது. ஆனால் அதற்குக் கலங்கள் சரியான இடத்திலிருந்து வரவேண்டும். அவற்றைப் பார்க்கும் கண்ணும் பயின்றதாயிருக்கவேண்டும். ஆகவே பெண் தானே எடுத்த மாதிரி அச்சோதனைக்கு நம்பத்தக்கதாயிருக்கவில்லை.

நிலைமையை மாற்றியது வேறொரு கண்டுபிடிப்பு. ஜெர்மனியைச் சேர்ந்த ஹரால்ட் சூர் ஹவுசன் என்பவரும் அவருடைய குழுவினரும் இந்நோய்க்கு வித்தாகும் மனித பப்பிலோமா வைரசின் இரு வகைகளைக் கண்டறிந்தனர். பதினாறாம் இலக்க வகை 1983இலும், பதினெட்டாம் இலக்க வகை அடுத்த ஆண்டிலும் வெளிப்பட்டன. இந்நோயின் நூற்றுக்கு எழுபது பங்குக்கு இவ்விரண்டுமே காரணம். 2008இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. கலங்களின் உருவத்தைத் தேடுவதை விட்டு வைரசின் மரபுப்பொருளைத் தேடத் தொடங்கியபோது, மாதிரி எங்கிருந்து வரவேண்டும் என்னும் கட்டுப்பாடும் தளர்ந்தது. வைரசு கருப்பைக் கழுத்தில் மட்டும் அடங்கி நிற்பதன்று. அங்கிருந்து உதிரும் கலங்களோடு பிறப்புவழியின் நீரிலும் கலந்திருக்கும். கிணற்று நீர் உவரா நன்னீரா என்று அறிய எவரும் கிணற்றின் அடிக்கு இறங்குவதில்லை. வாளியில் அள்ளிய நீரை நாவில் வைத்துப் பார்த்தாற் போதும்.

அள்ளும் வேலையைப் பெண்ணே செய்துகொள்ளலாம். மென்மையான சிறு தூரிகையோ, முனையிற் பஞ்சுபோன்ற பகுதியுள்ள குச்சியோ அவளிடம் கொடுக்கப்படும். கைகளைக் கழுவி, கதவைச் சாத்திக்கொண்டு, நின்றோ இருந்தோ, தனக்கு வசதியான நிலையில் அதனைப் பிறப்புவழியினுட் செலுத்தி, அறிவுறுத்தலிற் கூறியபடி சில முறை சுழற்றி எடுத்து, குழாயில் இட்டு மூடவேண்டும். கருப்பையின் வாயை அது தொடவேண்டுமென்பதில்லை. மாதவிடாய் நாட்களைத் தவிர்த்துக்கொள்வது நன்று. காரியம் சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

தானாக எடுத்த மாதிரி, வைத்தியர் எடுத்த மாதிரிக்கு நிகராகுமா என்ற ஐயம் நியாயமானதே. மரபுப்பொருளைப் பன்மடங்காகப் பெருக்கிக் காட்டும் ஆய்வுகூட முறைகளைக் கையாண்டால் இரண்டும் ஏறத்தாழச் சமம் என்பது பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியதிற் புலனாயிற்று. வேறு சில பழைய முறைகளிற் சற்றுக் குறைவு உண்டு. ஆகையால் எந்தச் சோதனை என்பதையும் கவனிக்கவேண்டும். தூரிகையை மட்டும் விநியோகித்துவிட்டாற் காரியம் முடிந்ததாகாது.

இம்முறை வீட்டு வாசலுக்கே சென்றால் என்ன விளையும் என்பதை ஆர்ஜென்டினாவின் வடமேற்கு மூலையிலுள்ள ஹுஹூய் மாகாணம் காட்டிற்று. அந்தீசு மலைத்தொடரின் ஓரத்தில், பொலிவியாவின் எல்லையை அடுத்துக் கிடக்கும் மாகாணம் அது. அங்கே சுகாதார ஊழியர்கள் வீடு வீடாகச் சென்று குடும்பங்களின் நலத்தை விசாரிப்பது நெடுநாள் வழக்கம். 2012ஆம் ஆண்டிற் சில்வினா அரோசி என்னும் ஆராய்ச்சியாளரும் அவருடைய குழுவினரும் இவ்வூழியர்கள் 200 பேரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினர், முப்பதும் அதற்கு மேலும் வயதான பெண்களைக் கண்டு, பரிசோதனைக்குக் கிளினிக்குக்குச் செல்லுமாறு அறிவுறுத்தினர். மற்றப் பிரிவினர் தூரிகையையே கையிற் கொடுத்து, விரும்பினால் வீட்டிலேயே மாதிரி எடுத்துத் தரலாம் என்றனர். ஒவ்வொரு பிரிவிலும் ஏறத்தாழ மூவாயிரம் பெண்கள். ஆறு மாதத்துக்குள் அறிவுரை மட்டும் கேட்டவர்களில் நூற்றுக்கு 20 பேர் பரிசோதிக்கப்பட்டனர். தூரிகை நீட்டப்பட்டவர்களிலோ நூற்றுக்கு 86 பேர்.

பெண்கள் அதே மாகாணத்தவர். நோயும் அதே நோய். வாசலில் வந்து நின்றவரும் அதே வகைச் சுகாதார ஊழியர். வேறுபட்டது ஒன்றுதான்: ஒரு சாராரை வரச் சொன்னார்கள், மற்றச் சாராரிடம் கொண்டுபோனார்கள். வேண்டுவோர் கேட்டு எழுதினால் தூரிகையை அனுப்புவோம் என்று காத்திருந்த முயற்சிகள் வேறு நாடுகளிற் பெரும்பலன் அளிக்கவில்லை என்பதையும் இத்துடன் சேர்த்து எண்ணவேண்டும். கேளாமலே வீட்டுக்கு அனுப்பியவையே கூடுதலான பலன் தந்தன. கூச்சப்படுகிற பெண்ணை விண்ணப்பம் எழுதச் சொல்வது என்ன நியாயம்?

இனி, கடினமான பகுதி. வைரசு இருப்பதாக முடிவு வந்தால் அது புற்றுநோய் உண்டு என்ற தீர்ப்பன்று. இத்தொற்று பெரும்பாலோரிடம் ஓரிரு ஆண்டுகளில் உடலின் சொந்த வலிமையாலேயே நீங்கிவிடும். நீங்காது தங்கிவிடுகிற சிலரிடமே கலங்கள் மாறத் தொடங்குகின்றன. அவர் யார் என்பதைத் தானெடுத்த மாதிரி சொல்லாது. அதற்குக் கருப்பைக் கழுத்தை நேரிற் பார்த்தே ஆகவேண்டும். எந்த மேசைக்கு அஞ்சி அவள் இதுகாறும் வீட்டிலிருந்தாளோ, அந்த மேசைக்கு இப்போது செல்லவேண்டியவளாகிறாள். முன்பு எல்லாப் பெண்களும் செல்லவேண்டியிருந்தது, இப்பொழுது சிலரே செல்லவேண்டும் என்பது பெரிய ஆறுதல்தான். ஆயினும் அச்சிலர் போகாதுவிட்டால், தூரிகையும் ஆய்வுகூடமும் ஊழியர் நடந்த நடையும் வீணே. ஹுஹூயிலும் இத்தடை எழுந்தது. முடிவு வந்த பெண்களை அடுத்த பரிசோதனைக்கு வரவழைப்பதற்குக் கைத்தொலைபேசியிற் குறுஞ்செய்தி அனுப்பும் முறையைப் பின்னர் அங்கே தனியாகவே ஆராயவேண்டியதாயிற்று.

வேறொரு தடையும் உண்டு. அதனைப் பற்றி வெளிப்படையாகப் பேசுவோர் குறைவு. இவ்வைரசு உடலுறவினாற் பரவுவது. முடிவுத்தாள் வீட்டுக்கு வந்ததும் கணவன் மனைவியை ஐயுறுவதும், மனைவி கணவனை ஐயுறுவதும், இருவருக்கும் மேலாக மாமியார் ஐயுறுவதும் நடவாதவை அல்ல. உடலுறவில் ஈடுபட்ட ஆண் பெண்களிற் பெரும்பாலோருக்கு வாழ்நாளில் ஒரு தடவையேனும் இத்தொற்று ஏற்படுகிறது. அது ஆண்டுக்கணக்காக ஓசையின்றி உடலில் இருந்து, பின்னரே சோதனையில் அகப்படக்கூடும். ஆகையால் இன்று கண்ட வைரசு நேற்றைய நடத்தைக்குச் சான்றாகாது. தூரிகையைக் கொடுக்கும்போதே இதனையும் சொல்லவேண்டும். முடிவு வந்தபின் சொன்னாற் சமாதானம் போலவே ஒலிக்கும்.

உலக நாடுகள் பல இம்முறையைத் தழுவத் தொடங்கியுள்ளன. நெதர்லாந்து 2017இலிருந்து பெண்களுக்கு வீட்டுச் சோதனையைத் தெரிவாக வழங்கிற்று. அவுஸ்திரேலியா 2022 ஜூலையில், பரிசோதனைக்குரிய பெண்கள் அனைவருக்கும் தாமே மாதிரி எடுக்கும் உரிமையை விரிவாக்கியது. ஐக்கிய அமெரிக்கா வீட்டிற் பயன்படுத்தும் கருவிக்கு 2025இலேயே அனுமதி அளித்தது. செல்வம் மிக்க நாடு இதிற் பிந்தியது வியப்பே. மலேசியாவில் மலாயாப் பல்கலைக்கழகத்தினர் 2018இல் ஆரம்பித்த திட்டத்திற் பெண் தானே மாதிரி எடுக்கிறாள், முடிவு அவளுடைய கைத்தொலைபேசிக்கு வருகிறது.

இலங்கையில் 1996ஆம் ஆண்டு முதல், நோயற்ற பெண்களையே வரவழைத்துப் பரிசோதிக்கும் கிளினிக்குகள் நடைபெற்று வருகின்றன. முப்பத்தைந்து வயதை எட்டிய பெண்கள் அங்கே சிறப்பாக எதிர்பார்க்கப்படுகின்றனர். 2017இல் பாடசாலைச் சிறுமியருக்கு இவ்வைரசுக்கெதிரான தடுப்பூசியும் தொடங்கிற்று. அம்முதற் சிறுமியர் அந்த வயதை அடைவது 2040ஆம் ஆண்டளவிலேதான். அவர்களுடைய தாய்மாருக்குத் தடுப்பூசியின் காப்பு இல்லை, பரிசோதனை ஒன்றே உண்டு. ஹுஹூயின் ஊழியரைப் போலவே, இந்நாட்டிலும் கிராமத்துப் படலையையும் தோட்டத்து லயத்தையும் அறிந்தவர் ஒருவர் இருக்கிறார். அவர் குடும்பநல மருத்துவ மாது. கர்ப்பிணியைப் பார்க்கவும் குழந்தையை நிறுக்கவும் வருகிறவரிடம் ஒரு பெண் கேட்கத் தயங்கும் கேள்வி அதிகமில்லை.

பரிசோதனை எதுவாயினும் அது சுகமாயிருக்கும் பெண்ணுக்கே உரியது. மாதவிடாய் நின்றபின் இரத்தம் காணுதல், உடலுறவின் பின் இரத்தம் கசிதல், துர்நாற்றமுள்ள வெள்ளை படுதல், இடுப்பிலே நீங்காத நோவு ஆகியவற்றுள் ஏதேனும் தோன்றினால், தூரிகைக்கோ முடிவுத்தாளுக்கோ காத்திராமல் அந்தக் கிழமையிலேயே வைத்தியரைக் காணவேண்டும்.