கட்டடம் எழுமுன் யாரைக் கேட்பது?

(நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நூற்றாண்டு நினைவாகக் கல்லூரிக்கு மூன்று மாடிக் கட்டடம் ஒன்று அமைக்கத் தீர்மானித்திருக்கிறோம். லண்டன், ரொறன்ரோ, மெல்பேண் கிளைகள் நிதி சேர்க்கத் தொடங்கிவிட்டன. வரைபடமும் ஒன்று வந்திருக்கிறது. நலன்விரும்பி ஒருவர் இலவசமாகவே வரைந்து தந்தது. எங்கள் வகுப்பினர் சிலர் அதை மேசையில் விரித்துப் பார்த்தோம். ஒன்றுகூடல் மண்டபம் மேல்மாடியில் இருக்கிறது. அதற்குப் போக ஒரேயொரு படிக்கட்டு. எங்களுள் வைத்தியர்களாக இருப்பவர்களின் கண் அந்தப் படிக்கட்டிலேயே நின்றுவிட்டது.

அதனால்தான் மருத்துவத்தைப் பற்றிப் பேச அழைக்கப்பட்ட இந்த மேடையில் இலங்கைக் கட்டடக்கலைஞர் நிறுவகத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

வைத்தியத் துறையில் எமக்கு மூன்று அமைப்புகள் உண்டு. ஒருவர் உண்மையில் வைத்தியர்தானா என்பதை இலங்கை மருத்துவ சபையின் பதிவேட்டில் பார்க்கலாம். அறிவை வளர்த்துக்கொள்ள 1887 இல் தொடங்கிய இலங்கை மருத்துவச் சங்கம் இருக்கிறது. சம்பளத்துக்கும் இடமாற்றத்துக்கும் வாதாட அரசாங்க வைத்திய அதிகாரிகள் சங்கம் இருக்கிறது. அதன் வேலைநிறுத்தங்களைப் பற்றி உங்களுக்கு நாங்கள் சொல்லவேண்டியதில்லை. இந்த மூன்றில் நோயாளிக்கு மிகவும் வேண்டியது முதலாவது. பதிவேடு வைத்தியருக்குக் கிடைக்கும் கௌரவப் பட்டியல் என்றே பலர் நினைக்கிறார்கள். அது நோயாளிக்காக வைக்கப்பட்டது. தவறு நடந்தால் முறையிட ஓர் இடம் வேண்டும் என்பதற்காக வைக்கப்பட்டது.

கட்டடக்கலைஞர்களுக்கும் இவ்வாறே. அவர்களுடைய நிறுவகம் 1957 இல் தொடங்கியது. 1976 ஆம் ஆண்டின் முதலாம் இலக்கச் சட்டம் அதைக் கூட்டிணைத்தது. 1996 இல் வந்த திருத்தச் சட்டத்தால் கட்டடக்கலைஞர் பதிவுச் சபை உருவானது. ஒருவர் பட்டயக் கட்டடக்கலைஞர் ஆவதற்குப் படிப்பு மட்டும் போதாது. அனுபவமுள்ள ஒருவரின் கீழ் செய்முறைப் பயிற்சி பெற்று, தொழில்முறைப் பரீட்சையிலும் தேறவேண்டும். எமது உள்ளகப் பயிற்சிக் காலத்தை நினைத்துக்கொண்டால் அதன் அருமை விளங்கும். நிறுவகத்துக்கு ஓர் ஒழுக்கக் கோவையும் உண்டு. கட்டடக்கலைஞர் தம்மை அமர்த்தியவரின் நலனைப் பார்க்கவேண்டியவர். ஒப்பந்தக்காரரிடம் தரகு வாங்கக்கூடாதவர். சீமெந்துக்கும் கம்பிக்கும் பணம் அனுப்பிவிட்டுக் கடல் கடந்து இருக்கும் உங்களுக்கு இதைவிடப் பெரிய காப்பு வேறென்ன?

படவரைஞரையோ மேசனையோ நாங்கள் குறைத்துப் பேசவில்லை. எங்களுடைய வீடுகளில் அநேகமானவை அவர்கள் கட்டியவை; நன்றாகவே நிற்கின்றன. ஆனால் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் ஒரே நேரத்தில் ஏறி இறங்கும் கட்டடம் வீடு போன்றதன்று. தீப்பிடித்தால் எந்த வழியால் வெளியேறுவது, மத்தியான வெயில் எந்தச் சுவரில் விழும், மழைக்காலத்தில் தண்ணீர் எங்கே போகும், முப்பது பிள்ளைகளுக்கு எத்தனை கழிப்பறை என்று முதலிலேயே கேட்பதற்கு ஒருவர் வேண்டும்.

எங்களுள் ஒருவர் முன்னர் கடமையாற்றிய வைத்தியசாலை ஒன்றில் மேல்மாடியில் புதிய விடுதி திறந்தார்கள். மின்தூக்கி பிறகு வரும் என்றார்கள். அவர் மாற்றலாகிப் போகும்வரை வரவில்லை. விடுதி வாசலில் தள்ளுவண்டி திரும்பவும் இடமில்லை. சத்திரசிகிச்சைக்குப் போகவேண்டிய தாய்மாரைச் சிற்றூழியர்கள் படுக்கை விரிப்பின் நான்கு மூலைகளிலும் பிடித்துத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார்கள். திறப்புவிழாப் படத்தில் அந்தக் கட்டடம் மிக அழகாகத்தான் இருக்கிறது.

மாற்றுத்திறனாளிகள் அணுகக்கூடியவாறு பொதுக் கட்டடங்கள் அமையவேண்டும் என்று 2006 இலேயே ஒழுங்குவிதிகள் வந்துவிட்டன. ஓரடி உயர்வதற்குப் பன்னிரண்டடி நீளச் சாய்வுப் பாதை வேண்டும் என்பது பொதுவான கணக்கு. எமது வரைபடத்தில் சாய்வுப் பாதையே இல்லை. யுத்தத்தில் காலை இழந்த பிள்ளைகள் எங்களுடன் படித்தார்கள். இன்று அவர்களுள் சிலர் இந்தச் சபையில் இருக்கிறார்கள். நூற்றாண்டு மண்டபத்துக்கு அவர்களையும் தூக்கிக்கொண்டா ஏறுவது?

பெண்கள் கல்லூரி என்பதால் ஒருவரைக் கட்டாயம் நினைவுகூர வேண்டும். மினற் டி சில்வா 1918 இல் கண்டியில் பிறந்தவர். தாயார் அக்னஸ் பெண்களின் வாக்குரிமைக்காகப் போராடியவர். மகள் பம்பாயிலும் லண்டனிலும் கட்டடக்கலை படித்து, 1948 இல் பிரித்தானிய வேத்தியல் கட்டடக்கலைஞர் நிறுவகத்தின் இணை உறுப்பினரானார். ஆசியப் பெண்களில் அவரே முதலாமவர். கண்டி வட்டப்புளுவவில் அரச ஊழியர்களுக்கு வீடமைப்புத் திட்டம் வரைந்தபோது, அங்கே குடியிருக்கப் போகிறவர்களிடமே வினாக்கொத்துக் கொடுத்து, யாருக்கு எப்படியான வீடு வேண்டும் என்று கேட்டார். நோயாளியிடம் வரலாறு கேட்காமல் மருந்தெழுதக் கூடாது என்று எமக்குப் படிப்பித்தார்களே, அதே பாடந்தான். எங்கள் கல்லூரி வரைபடத்துக்காக ஒரு மாணவியிடமாவது யாராவது கேட்டார்களா?

நிறுவகம் தனது தங்கப் பதக்கத்தை அவருக்கு வழங்கியது 1996 இல். அப்போது அவருக்கு வயது 78. இரண்டு ஆண்டுகளில் காலமாகிவிட்டார். இவ்வளவு பிந்தியிருக்கத் தேவையில்லை என்பது எமது எண்ணம். இன்னொன்றும் சொல்லத்தான் வேண்டும். நிறுவகத்தின் ஆண்டுக் கண்காட்சி கொழும்பில் நடக்கிறது. ஊரில் வீடு கட்டும் ஒரு தாய்க்கு அதன் பெயர்கூடத் தெரியாது. பதிவேடு இருந்தும் அதைப் பார்க்கலாம் என்று சனத்துக்குத் தெரியாவிட்டால் பயன் பாதிதான். மாவட்டம் மாவட்டமாக வந்து தமிழிலும் பேசவேண்டிய கடமை அவர்களுக்கு உண்டு.

கட்டணம் கூட என்று சிலர் சொல்வீர்கள். எங்கள் பழைய மாணவிகளுக்குள்ளேயே கட்டடக்கலைஞர்கள் இருக்கிறார்களே, அவர்கள் சும்மா செய்து தரட்டும் என்றும் சொல்வீர்கள். கலியாண வீட்டில் சாப்பிட்ட கையோடு மற்றக் கையை நீட்டி, "பிள்ளை, பிறஷரை ஒருக்கால் பாரன்" என்று கேட்கும் மாமிமாரை எங்களுக்குத் தெரியும். பார்ப்போம், சிரிப்போம், ஆனால் அது வைத்தியமாகாது. இலவசமாக வந்த ஆலோசனைக்கு யாரும் பொறுப்பேற்பதில்லை. எழுத்தில் நியமித்து, கட்டணம் பேசி, வேலை நடக்கும்போது வந்து பார்ப்பதையும் அதற்குள் சேர்த்துக்கொண்டால் அந்தத் தங்கையிடமும் உரிமையோடு கணக்குக் கேட்கலாம்.

ஆகவே அடுத்த பொதுக்கூட்டத்தில் எங்கள் வகுப்பு ஒரு பிரேரணையைக் கொண்டுவர இருக்கிறது. அத்திவாரக்கல் நாட்டும் திகதியை ஆறு மாதம் தள்ளிவைக்க வேண்டும். பதிவுச் சபையின் பட்டியலில் பெயருள்ள கட்டடக்கலைஞர் ஒருவரை நியமிக்க வேண்டும். மாணவிகள், ஆசிரியர்கள், சிற்றூழியர்கள் ஆகியோரிடம் கேட்டபின்பே புதிய வரைபடம் வரையப்பட வேண்டும். முன்மொழிய நாங்கள் தயார். வழிமொழிய மூத்த வகுப்புகளிலிருந்து ஓர் அக்கா முன்வந்தால், இன்று தேநீர் இடைவேளையிலேயே கையொப்பம் வாங்கிவிடுவோம்.