இல்லத்திற் கற்கும் பிள்ளைகளும் தாமே கற்கும் வேட்கையும்

(சங்கக் கட்டடத்தில் நிகழ்ந்த மாதக் கூட்டத்திற் செய்த சொற்பொழிவு)



பள்ளியிற் பணிபுரியும் தமிழாசிரியன் ஒருவன் பள்ளிக்குச் செல்லாத பிள்ளைகளைப் பற்றிப் பேச எழுந்தது உங்களுட் சிலர்க்கு நகைப்பை விளைக்கலாம். 2020ஆம் ஆண்டிற் கொள்ளைநோய் பரவிப் பள்ளிகள் மூடப்பெற்ற காலத்துத் தாய் தந்தையர் பலர் ஆசிரியராயினர். நோய் தணிந்த பின்னரும் அம்முறையையே விரும்பி மேற்கொண்டோர் சிலர் நம் மரபினரிலும் உளர். அவர் என்பால் வந்து கூறும் குறை பெரும்பாலும் ஒன்றே. நூல் உண்டு, நேரம் உண்டு, பிள்ளைக்கு அறிவும் உண்டு, ஆயினும் ஏவினாலன்றிப் புத்தகத்தைத் தொடுகின்றிலன் என்பதே அது.

பிள்ளையை அவன் போக்கில் விட்டுவிடுக என்பார் உளர். யான் அவ்வாறு கூறேன். ஏவலால் விளைவதும் உண்டு, ஏவலாற் கெடுவதும் உண்டு. இவ்விரண்டையும் ஒரே இல்லத்தில், ஒரே சிறுவன்பாற் காட்டும் வரலாறு ஒன்றுளது. அதனையே இன்று சிறிது விரித்துரைக்க எண்ணுகின்றேன்.

ஆங்கில நாட்டுத் தத்துவ அறிஞராகிய ஜான் ஸ்டூவர்ட் மில் 1806ஆம் ஆண்டிற் பிறந்தவர். பள்ளியில் அடி வைத்தவரல்லர். தந்தையார் ஜேம்ஸ் மில்லே ஆசிரியர். மூன்று வயதிற் கிரேக்கமும் எட்டாம் வயதில் லத்தீனும் தொடங்கப்பெற்றன. அக்காலத்துத் தந்தையார் நம் இந்திய நாட்டின் வரலாற்றை எழுதிக்கொண்டிருந்தார். (நம் நாட்டை ஒருமுறையேனும் காணாமலே எழுதிய அந்நூலைப் பற்றிய என் கருத்து வேறு, அஃது ஈண்டு வேண்டா.) அவர் எழுதும் மேசையிலேயே மகனும் அமர்ந்து படிப்பான். கிரேக்கச் சொற்களுக்கு ஆங்கிலத்திற் பொருள் கூறும் அகராதி அச்சிறுவனுக்குக் கிடைக்கவில்லை. ஆதலின் அறியாத சொல் வருந்தோறும் தந்தையையே வினவுவான். அவரோ பொறுமை மிகக் குறைந்தவர். எனினும் ஒவ்வொரு வினாவுக்கும் எழுதுகோலை நிறுத்தி விடை கூறினார்; பல தொகுதிகளாகிய அவ்வரலாற்றையும் எழுதி முடித்தார். வீட்டு வேலைக்கிடையே பிள்ளையின் கேள்விக்கு நேரமில்லை என்னும் பெற்றோர் இதனை எண்ணுக.

காலையுணவுக்கு முன் தந்தையும் மகனும் உலாவச் செல்வர். முதல்நாட் படித்த சரித்திரத்தைச் சிறு தாள்களிற் குறித்துக்கொண்டு, அவற்றைப் பார்த்து மகன் கதையாகச் சொல்லிவருவான். இது தந்தை விதித்த பாடமன்று, தானே விரும்பிச் செய்ததாகவே நினைவு என்று மில் பிற்காலத்தில் எழுதுகின்றார். சிந்தித்து அறியத்தக்க எதனையும், தான் முயன்று தளரும் வரையில் தந்தை சொல்லித் தந்ததில்லை என்றும் கூறுகின்றார்.

இனி நான் கூற வந்த இடம் இது. அச்சிறுவன் தன் விருப்பத்தால் இரண்டு காரியங்களைத் தொடங்கினான். ஒன்று, உரோமாபுரியின் வரலாற்றைத் தானே எழுதுவது. தந்தை அதனை ஊக்கினார். ஆனால் எழுதியதைக் காட்டு என ஒருநாளும் கேட்டிலர். பிழை காணும் கண் ஒன்று தன்மேல் இருக்கின்றதென்னும் அச்சம் இன்றி எழுதினான். தன் வாழ்வின் 11, 12ஆம் ஆண்டுகளில் உரோம அரசியல் முறை பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிச் சேர்த்தான். மற்றொன்று, செய்யுள் இயற்றுவது. போப் என்னும் புலவர் ஆங்கிலத்திற் பெயர்த்த ஹோமரின் இலியட் காவியத்தில் மயங்கி, அதன் தொடர்ச்சியாக ஒரு காண்டம் பாடினான். ஆசை அவ்வளவில் அடங்கியிருக்கும். தந்தை விட்டாரல்லர், இனிச் செய்யுள் எழுதுக எனக் கட்டளையிட்டார். அன்றுமுதற் செய்யுள் எழுதுவது அவனுக்கு மிகக் கசந்த பணிகளுள் ஒன்றாயிற்று.

வீடு ஒன்று, தந்தை ஒருவர், பிள்ளை ஒருவன். தொடக்கம் இரண்டிலும் விருப்பமே. ஒன்றைத் தந்தை பாராதிருந்தார்; மற்றொன்றை எடுத்துக்கொண்டார். வேறுபாடு அவ்வளவே. இக்காலத்து நம்மில்லங்களிற் பிள்ளை ஒரு சித்திரம் வரைந்தால், மை உலருமுன் கைப்பேசியிற் படமெடுத்து உற்றார் உறவினர்க்கெல்லாம் அனுப்பிவிடுகின்றோம். இது பாராட்டே என்பீர். பாராட்டும் ஒரு கண்தானே! அடுத்த சித்திரத்தை அவன் யாருக்காக வரைவான்?

மில்லின் கல்வி குறையற்றதென்று யான் கூற வரவில்லை. பிற சிறுவரொடு பழக அவனுக்கு இடமில்லை. கைத்தொழிற் பழக்கம் இல்லாமையால் பிற்காலத்தும் கை திருந்தவில்லை. 1826இல், தம் இருபதாம் வயதில், உயிர்வாழ்விலேயே சுவையற்று உளஞ்சோர்ந்து பல திங்கள் துன்புற்றார். 1828இல் வேர்ட்ஸ்வொர்த்தின் கவிதைகள் அவருக்கு அருமருந்தாயின. அறிவை மட்டும் கூர்மையாக்கி உணர்ச்சியைப் பட்டினி போட்ட பயன் இது. நம் பிள்ளைகளை வீட்டில் வைத்துக் கற்பிப்போர் இப்பகுதியை மறைத்துப் படித்தல் கூடாது.

நம் நன்னூலார் இதற்கும் வழி கூறியுளார். ஆசான் உரைத்ததைச் செவ்வனே கொண்டாலும் மாணாக்கன் பெறுவது காற்பங்கே. உடன் கற்பாரொடு பழகுதலால் ஒரு காற்பங்கு. எஞ்சிய அரைப்பங்கு பிறர்க்கு எடுத்துரைத்தலால் வரும் என்பது பொதுப்பாயிரத்தின் கருத்து. தாயும் தந்தையும் எத்துணை முயன்றாலும் முதற் காற்பங்கே அவர் கையிலுளது. மில்லும் எட்டாம் வயது முதல் தம்பி தங்கையர்க்கு லத்தீன் கற்பித்தார். அப்பணியை அவர் விரும்பவில்லை. ஆயினும் கற்பித்தவற்றைத் தாம் ஆழ்ந்து அறிந்ததாக ஒப்புகின்றார்.

தேர்வைப் பற்றிய அச்சத்தால் ஓயாது ஏவுகின்றோம் என்பார்க்கு ஒரு சொல். தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் வாயிலாக, 14 வயது நிரம்பியோர் பத்தாம் வகுப்புக்கு ஒப்பான தேர்வினை எழுதலாம். ஏழு வயதுப் பிள்ளையை இன்றே அதற்கு விரட்ட வேண்டுவதில்லை.

சங்கத்தாரிடம் ஒரு விண்ணப்பம் செய்து வைத்தேன். காரியதரிசி அவர்கள் மனமுவந்து இசைந்திருக்கின்றார்கள். வருகின்ற ஞாயிறு முதல் மாலை 4 மணிக்கு இக்கட்டடத்தின் பின்னறை பிள்ளைகளுக்குத் திறந்திருக்கும். அவ்வாரத்தில் தாம் அறிந்த ஒன்றை ஒருவர்க்கொருவர் எடுத்துரைப்பர்; பெரியவன் சிறியவனுக்குக் கற்பிப்பான். உடன் வரும் பெற்றோர்க்கு முன் திண்ணையிற் பாய் விரித்திருக்கும். உள்ளே வந்து யார் என்ன சொன்னார் என்று வினவ வேண்டா. வீட்டுக்குச் செல்லும் வழியிலும் வேண்டா.