மரம் காத்திருக்குமா?

சென்னையிலிருந்து திருப்பதிக்குச் செல்லும் சாலையில், திருவள்ளூரைத் தாண்டித் திருத்தணியை எட்டுவதற்கு முன்னால் கனகம்மாசத்திரம் என்றோர் ஊர் வரும். வழிப்போக்கர்கள் தங்கிச் சென்ற இடம் என்பதை ஊரின் பெயரே சொல்லுகிறது. சத்திரத்துக்கு வந்தவன் வண்டிக்காகக் காத்திருப்பான். மழை விடக் காத்திருப்பான். பொழுது விடியக் காத்திருப்பான். அந்த ஊரில் எனக்கு ஒரு சிறு மாந்தோப்பு உண்டு. நானும் அங்கே இரண்டு ஆண்டுகள் காத்திருந்தேன். நான் காத்திருந்தது ஒரு ரம்பத்துக்காக. ரம்பத்துக்காகவும் ஒருவன் காத்திருப்பானா என்று நீங்கள் சிரிக்கலாம். கதையைக் கேட்டுவிட்டுப் பிறகு சிரியுங்கள்.

மாமரத்தைப் பலர் நட்டுவிட்டு மறந்துவிடுகிறார்கள். அதற்கும் ஆண்டுக்கொரு முறை சவரம் உண்டு. காய்ப்பு ஓய்ந்த பிறகு, ஆவணி, புரட்டாசிக்குள், காய்ந்த கிளைகளையும் நோய் கண்ட கிளைகளையும், ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கும் கிளைகளையும் கழிக்க வேண்டும். வெயிலும் காற்றும் மரத்தின் நெஞ்சுக்குள் போக வேண்டும். அதற்குள் செய்தால்தான், புதிய தளிர் விட்டு முற்றி, தை மாதத்தில் பூக்க மரத்துக்கு அவகாசம் கிடைக்கும். பருவம் தவறினால் கிளையை வெட்டலாம். பூவை வரவழைக்க முடியாது.

இந்த வேலையை என் தந்தையார் காலத்திலிருந்து ஒரு பெரியவர் செய்து வந்தார். இடுப்பில் அரிவாள், தோளில் கைரம்பம். அணிலைப் போல ஏறுவார். அவருக்கும் வயதாகிவிட்டது. அவருடைய பிள்ளைகள் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் தொழிற்சாலைக்குப் போய்விட்டார்கள். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. மாதச் சம்பளத்தை விட்டுவிட்டு மாங்கிளையில் தொங்க யார் வருவார்கள்?

யந்திர ரம்பம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, எங்கள் பக்கத்தில் அதை வெறுமனே ‘மிஷின்’ என்பார்கள். பெட்ரோலில் ஓடும் அந்த மிஷின் விழுந்த புளிய மரத்தைத் துண்டு போட வல்லது. 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னை நகரத்தின் மரங்களைச் சாய்த்தபோது, சாலைகளைத் திறந்துவிட்டது அதுதான். ஆனால் நாலைந்து கிலோ எடையுள்ள அதைக் கையில் பிடித்துக்கொண்டு, கிளையில் ஒரு காலும் ஏணியில் ஒரு காலுமாக நின்று, மணிக்கட்டுப் பருமனுள்ள கொம்பை அறுப்பது யமனுடன் கைகுலுக்குவதாகும்.

இந்த யந்திரத்தின் வரலாறே எடை குறைந்த வரலாறுதான். 1926-இல் ஜெர்மனியில் ஆண்ட்ரியாஸ் ஸ்டீல் என்பவர் மின்சாரத்தால் ஓடும் சங்கிலி ரம்பம் ஒன்றைச் செய்தார். அதன் எடை 48 கிலோ. இரண்டு ஆட்கள் பிடிக்க வேண்டும். மறு ஆண்டு, எமில் லெர்ப் என்பவர் டோல்மார் என்ற மலையில் பெட்ரோல் ரம்பத்தை ஓட்டிக் காட்டினார். ஒரே ஆள் தூக்கி அறுக்கக்கூடிய ஸ்டீல் ரம்பம் வர 1950 ஆயிற்று. அதுவும் 16 கிலோ. பின்னர் லித்தியம் மின்கலம் வந்தது. கைபேசியை நம் சட்டைப் பையில் வைத்த அதே மின்கலம்தான் ரம்பத்தையும் சிறிதாக்கிற்று. அதற்கு வழிகோலிய மூன்று விஞ்ஞானிகளுக்கு 2019-இல் நோபெல் பரிசு கிடைத்தது. ஒரு சாண் அலகும், தேங்காயளவு எடையும் கொண்ட ரம்பங்கள் பிறந்தன.

அப்படிப்பட்ட புதிய மாதிரி ஒன்றைப் பற்றி அறிந்ததும் என் மனம் அதன்மேல் விழுந்துவிட்டது. பட்டணத்தில் ஒரு கடைக்காரரை விசாரித்தேன். “அடுத்த மாதம் வந்துவிடும்” என்றார். நான் பெரியவரிடம், “இந்த ஆண்டு நீங்கள் ஏற வேண்டாம்; புதிய ரம்பம் வருகிறது” என்று பெருமையாகச் சொன்னேன். அவர் தோப்பைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். “ரம்பம் வரட்டுங்க ஐயா. மரம் காத்திருக்குமா?” என்றார். வயதானவர்கள் புதுமையைக் கண்டு அஞ்சுவது இயல்பு என்று எண்ணிக்கொண்டேன்.

ஆடிக் கிருத்திகைக்குக் காவடிகள் எங்கள் ஊரைக் கடந்து திருத்தணி மலைக்குப் போயின. புரட்டாசியில் திருப்பதிக்கு நடப்பவர்கள் கோவிந்த நாமம் சொல்லிக்கொண்டு போயினர். ரம்பம் வரவில்லை. ஐப்பசியில் மழை வந்தது. மறு ஆண்டு விசாரித்தபோது, அந்த மாதிரியை இன்னும் செம்மைப்படுத்துகிறார்கள் என்றார் கடைக்காரர். இன்னும் சிறந்த பொருள் வரப்போகிறது என்ற எண்ணத்துக்கு ஒரு போதை உண்டு, நேயர்களே. கையில் இருப்பது அற்பமாகத் தெரியும். காலம் கழிவது தெரியாது. என் தந்தையாரின் கைரம்பம் கொட்டகைச் சுவரில் ஆணியிலேயே தொங்கிற்று. இரண்டாவது பருவமும் போயிற்று.

அந்தத் தைமாதம், தந்தையார் தம் கையால் நட்ட பங்கனப்பள்ளி மரத்தின் ஒரு பக்கம் வெளுத்து வாடிற்று. தண்ணீர்க் குறை என்று நினைத்துப் பாய்ச்சினேன். பெரியவர் வந்து அடிமரத்தில் குனிந்து பார்த்தார். ரம்பத்தூள் போன்ற தூள் சிந்திக் கிடந்தது. தண்டு துளைக்கும் புழு! நலிந்த மரத்தின் பட்டையில் வண்டு முட்டையிடுகிறது. அதிலிருந்து வரும் புழு உள்ளே குடைந்து மரத்தின் உயிரோட்டத்தை அறுக்கிறது. தொடக்கத்திலேயே கண்டால், காய்ந்த கிளையை வெட்டி எரிக்கலாம். துளையில் கம்பி விட்டுப் புழுவை எடுத்து, மருந்துப் பஞ்சை அடைத்து மண்ணால் பூசலாம். ஆண்டுதோறும் கிளை கழிப்பவன் மரத்தோடு மரமாக இருப்பதால் இதைக் கண்டுவிடுவான். நான் இரண்டு ஆண்டுகளாக மரத்தைப் பார்க்கவில்லை. கடைக்காரரின் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மரம் பிழைக்கவில்லை. அடுத்த ஆடியில் ரம்பம் வந்து சேர்ந்தது. தான் காப்பாற்றியிருக்க வேண்டிய மரத்தின் கிளைகளைத்தான் அது முதன்முதலாக அறுத்தது.

அடிமரத்தைப் பெரிய மிஷினால் பிளந்தபோது, உள்ளே விரல் பருமனுள்ள புழு ஒன்று நெளிந்தது. அதைக் கண்டதும் வேறொரு புழுவின் கதை நினைவுக்கு வந்தது. 1946-இல் அமெரிக்காவில் ஜோசப் காக்ஸ் என்ற மரவெட்டி, கட்டை ஒன்றில் இத்தகைய புழுவைக் கண்டார். அது தன் இரு தாடைகளால் இடமும் வலமும் மாறி மாறிச் செதுக்கிக் கொண்டு, கடினமான மரத்தில் எளிதாக முன்னேறுவதைக் கவனித்தார். அதைப் பார்த்து அவர் செய்ததுதான் இன்றைய ரம்பச் சங்கிலியின் பல்லமைப்பு. அந்தப் புழுவும் என் மரத்தைக் கொன்ற புழுவும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. நான் எந்த ரம்பத்துக்காகக் காத்திருந்தேனோ, அதன் ஆசிரியர் எனக்கு முன்னமே தோப்புக்குள் வந்து வேலையைத் தொடங்கிவிட்டார்!

சிறிய ரம்பத்தை நான் குறை சொல்லவில்லை, நல்ல கருவி. ஆனால் அதற்கும் கற்க வேண்டியது உண்டு. கிளையை முதலில் கீழிருந்து கொஞ்சம் அறுத்து, பிறகு சற்றுத் தள்ளி மேலிருந்து அறுத்தால்தான் பட்டை உரியாமல் விழும். எஞ்சிய கட்டையைக் கடைசியில் நறுக்க வேண்டும். அலகின் நுனி மரத்தில் இடித்தால் ரம்பம் நம்மையே திருப்பி உதைக்கும். சிறியதுதானே என்று ஒரு கையால் பிடிப்பவனின் மற்றொரு கைதான் பெரும்பாலும் அகப்படுகிறது. பல் மழுங்கினால் தூள் விழும். கூராக இருந்தால் சில்லு விழும். இவற்றையெல்லாம் எனக்குச் சொல்லித் தந்தவர், மிஷினையே தொடாத அந்தப் பெரியவர்தான். மரத்தை அறிந்தவருக்குக் கருவி எதுவானாலும் ஒன்றே.

காத்திருப்பது தவறென்று சொல்ல மாட்டேன். எங்கள் திருத்தணி காத்திருந்தே தமிழகத்தோடு சேர்ந்தது. 1953 அக்டோபரில் ஆந்திர மாநிலம் அமைந்தபோது அது அந்தப் பக்கம் இருந்தது. 1960 ஏப்ரல் முதல் தேதிதான் சென்னை மாநிலத்துக்கு வந்தது. ஆனால் அந்த ஆண்டுகளில் ம.பொ.சி.யும் அவரைச் சேர்ந்தவர்களும் திண்ணையில் உட்கார்ந்திருக்கவில்லை. மறியல் செய்தார்கள், சிறை சென்றார்கள். அதுவும் காத்திருப்பு, நான் செய்ததும் காத்திருப்பு. ஒன்றில் கை ஓயவில்லை. மற்றொன்றில் கைரம்பம் துருப்பிடித்தது.

பங்கனப்பள்ளி நின்ற இடத்தில் ஒட்டுக்கன்று ஒன்று நட்டிருக்கிறேன். அது காய்க்கும் வரை காத்திருக்கத்தான் வேண்டும், வேறு வழியில்லை. ஆனால் இந்த முறை தினமும் காலையில் போய் அதைப் பார்க்கிறேன். கைரம்பத்துக்கும் எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன்.